மாலை நான்கு மணிக்குப் பிறகு: பள்ளிக்குப் பிந்தைய மையங்களும் அரசின் நிதிப் பொறுப்பும்

பள்ளி முடிந்த பிறகு குழந்தைகளுக்காக நடத்தப்படும் மையங்களுக்கு அரசு ஏன் பணம் ஒதுக்க வேண்டும் என்று பலர் நேர்மையாகவே கேட்கிறார்கள். பள்ளிக்கூடத்துக்கே ஆயிரக்கணக்கான கோடி செலவாகும்போது அதற்கு மேலும் ஒரு செலவு தேவையா, இது அரசு நடத்தும் டியூஷனா, தன்னார்வலர்களைக் கொண்டு நடத்தப்படுவதற்கு நிதி எதற்கு என்பன போன்ற ஐயங்கள் தன்னார்வலர்களைக் கொண்டு மாலை வகுப்புகள் நடத்தும் 'இல்லம் தேடிக் கல்வி' என்ற மாநில அரசுத் திட்டம் தொடங்கிய 2021ஆம் ஆண்டு முதல் தமிழ்நாட்டில் பேசப்பட்டு வருகின்றன. இந்தக் கட்டுரை அடிப்படையிலிருந்து தொடங்கி, சட்டம் எங்கே நிற்கிறது, அனுபவம் என்ன காட்டியது, செலவு எவ்வளவு, பிற நாடுகள் எப்படி நிதியளிக்கின்றன என்பவற்றை விளக்குகிறது. இந்த மையங்கள் ஆண்டுக்காண்டு நீட்டிக்கப்படும் தற்காலிகத் திட்டமாக இருக்கக் கூடாது என்பதும், சட்டத்திலும் நிதிநிலை அறிக்கையிலும் தமக்கென இடமுள்ள நிலையான ஏற்பாடாக மாற வேண்டும் என்பதும் இக்கட்டுரையின் நிலைப்பாடு.

பள்ளிக்குப் பிந்தைய மையம் என்பது என்ன?

பள்ளி வேலைநேரம் முடிந்ததும், குழந்தை வீட்டுக்குள் பெரியவர் ஒருவரின் கவனிப்பில் சேரும் வரையிலான இடைவெளியில், பயிற்சி பெற்ற ஒருவரின் பொறுப்பில் குழந்தைகள் கூடும் இடமே பள்ளிக்குப் பிந்தைய மையம். அங்கே பின்தங்கிய பாடத்தில் உதவி கிடைக்கலாம், வாசிப்பு, விளையாட்டு, பாட்டு, கைவேலை நடக்கலாம், சிற்றுண்டி வழங்கப்படலாம். டியூஷனுக்கும் இதற்கும் உள்ள வேறுபாடு நோக்கத்தில் இருக்கிறது. டியூஷன் தேர்வு மதிப்பெண்ணைக் குறிவைக்கிறது, பணம் கட்ட முடிந்தவர்களுக்குக் கிடைக்கிறது. மையமோ குழந்தையின் கற்றல், பாதுகாப்பு, பசி ஆகிய மூன்றையும் ஒரே கூரையின் கீழ் கவனிக்க முயல்கிறது. பத்தாம் வகுப்பு, பன்னிரண்டாம் வகுப்பு மாணவர்களுக்குப் பள்ளிகளில் மாலையில் நடக்கும் சிறப்பு வகுப்புகள் பொதுத் தேர்வுக்கானவை என்பதால் அவை இந்த விவாதத்துக்குள் வரவில்லை. இங்கே நம் கவலை ஆறு வயது முதல் பதினான்கு வயது வரையுள்ள குழந்தைகளைப் பற்றியது.

சட்டம் ஆறு வயதோடு நின்றுவிடுகிறது

இந்தச் சிக்கலின் வேர் நம் சட்டங்களின் அமைப்பிலேயே இருக்கிறது. குழந்தைப் பராமரிப்பு தொடர்பான ஏற்பாடுகளை வரிசையாக வைத்துப் பார்த்தால் அது தெளிவாகப் புலப்படும்.

1. அங்கன்வாடி மையங்கள் ஆறு வயது வரையுள்ள குழந்தைகளுக்கானவை.
2. 1948ஆம் ஆண்டின் தொழிற்சாலைகள் சட்டம், முப்பதுக்கு மேற்பட்ட பெண்கள் வேலை செய்யும் ஆலையில் குழந்தைகள் காப்பகம் இருக்க வேண்டும் என்றது (2025 நவம்பரில் புதிய தொழிலாளர் சட்டத் தொகுப்பு அதன் இடத்துக்கு வந்தது). அதுவும் ஆறு வயதுக்கு உட்பட்ட குழந்தைகளுக்கே.
3. ஒன்றிய அரசின் 'பால்னா' காப்பகத் திட்டம் ஆறு மாதம் முதல் ஆறு வயது வரையிலான குழந்தைகளை ஏற்கிறது.
4. ஆறு வயதில் கல்வி உரிமைச் சட்டம் தொடங்குகிறது. 2009ஆம் ஆண்டின் அந்தச் சட்டத்தின் அட்டவணைப்படி ஒன்று முதல் ஐந்தாம் வகுப்பு வரை ஆண்டுக்கு 200 வேலைநாள்களும் 800 கற்பித்தல் மணிநேரமும், ஆறு முதல் எட்டாம் வகுப்பு வரை 220 நாள்களும் 1,000 மணிநேரமும் குறைந்தபட்ச அளவு.

ஒரு குழந்தைக்கு ஆறு வயது நிறைந்ததும் பராமரிப்பு என்ற பொறுப்பு சட்டத்தின் கண்ணிலிருந்து மறைந்து, கற்பித்தல் என்ற பொறுப்பு மட்டும் எஞ்சுகிறது. பள்ளி மாலை நான்கு மணியளவில் முடிகிறது. ஆலைகளிலும் ஆயத்த ஆடை நிறுவனங்களிலும் பகல்நேர வேலை முடிந்து தாய் வீடு திரும்ப ஆறு மணியோ ஏழு மணியோ ஆகிறது. இந்தியத் தொழிற்சாலைகளில் வேலை செய்யும் பெண்களில் சுமார் 43 விழுக்காட்டினர் தமிழ்நாட்டில் இருப்பதாக 2019-20ஆம் ஆண்டுக்கான தொழில் ஆய்வு காட்டியது. பெண்களின் உழைப்பில் நிற்கும் ஒரு மாநிலத்துக்கு அந்த இரண்டு மூன்று மணிநேரம் எத்தனை குடும்பங்களின் கவலை என்பதை நினைத்துப் பார்க்க வேண்டும். வீட்டில் பாட்டி இருந்தால் சமாளிக்கலாம். வேலை தேடி மாவட்டம் விட்டு மாவட்டம் வந்து குடியேறிய குடும்பத்தில் பாட்டி இருப்பதில்லை. மூத்த பெண்குழந்தை தம்பி தங்கையைப் பார்த்துக்கொள்ளும் வழக்கமே அங்கே காப்பகமாகிறது. அந்தப் பெண்ணின் படிப்பு அதற்கான விலை.

கல்வி உரிமைச் சட்டத்துக்குள்ளேயே ஒரு சிறிய கதவு திறந்திருப்பதையும் குறிப்பிட வேண்டும். அதன் 24ஆம் பிரிவு, ஆசிரியர் ஒவ்வொரு குழந்தையின் கற்றல் திறனையும் மதிப்பிட்டுத் தேவைக்கேற்பக் கூடுதல் கற்பித்தல் அளிக்க வேண்டும் என்கிறது. 28ஆம் பிரிவு ஆசிரியர்கள் தனிப்பட்ட டியூஷன் எடுப்பதைத் தடை செய்கிறது. கூடுதல் உதவி குழந்தைக்குத் தேவைப்படும் என்பதைச் சட்டம் ஏற்றுக்கொண்டிருக்கிறது என்பதற்கு இவ்விரண்டும் சான்று. ஆனால் அந்த உதவி எந்த நேரத்தில், எந்த நிதியில், யாரால் கொடுக்கப்படும் என்பதைச் சட்டம் விரித்துக் கூறவில்லை. அந்த வெற்றிடத்தைச் சந்தை நிரப்பிவிட்டது. 2025இல் ஒன்றிய அரசு வெளியிட்ட கல்விச் செலவு பற்றிய மாதிரிக் கணக்கெடுப்பின்படி, பள்ளி மாணவர்களில் 27 விழுக்காட்டினர் தனிப்பயிற்சிக்குச் செல்கின்றனர். அதற்காக ஒரு மாணவருக்குச் சராசரியாக ஆண்டுக்கு ஆகும் செலவு நகர்ப்புறத்தில் 3,988 ரூபாய், கிராமப்புறத்தில் 1,793 ரூபாய்.

இல்லம் தேடிக் கல்வி காட்டியது

கொரோனா பெருந்தொற்றால் 2020 மார்ச்சில் மூடப்பட்ட பள்ளிகள், தமிழ்நாட்டில் ஒன்று முதல் எட்டு வரையுள்ள வகுப்புகளுக்கு 2021 நவம்பர் 1 அன்றுதான் திறந்தன. ஏறத்தாழ இருபது மாதங்கள் வகுப்பறையைக் காணாத குழந்தைகள் எழுத்தையும் எண்ணையும் மறந்திருந்தனர். ஒன்றாம் வகுப்பையே நேரில் பார்க்காத குழந்தை இரண்டாம் வகுப்பில் வந்து உட்கார்ந்தது. இந்த இழப்பை ஈடுசெய்ய, 2021 அக்டோபர் 27 அன்று விழுப்புரம் மாவட்டம் முதலியார்குப்பத்தில் முதலமைச்சர் மு.க. ஸ்டாலின் இல்லம் தேடிக் கல்வித் திட்டத்தைத் தொடங்கிவைத்தார். 200 கோடி ரூபாய் ஒதுக்கப்பட்டது. மாலை ஐந்து மணிக்கும் ஏழு மணிக்கும் இடையே ஒன்று முதல் ஒன்றரை மணிநேரம், குழந்தைகளின் குடியிருப்புப் பகுதியிலேயே, ஒரு தன்னார்வலருக்கு இருபது குழந்தைகள் என்ற அளவில் வகுப்புகள் நடந்தன. தொடக்க வகுப்புகளுக்குப் பன்னிரண்டாம் வகுப்பு முடித்தவரும், ஆறு முதல் எட்டு வரையுள்ள வகுப்புகளுக்குப் பட்டதாரியும் தன்னார்வலராகலாம். மாத ஊக்கத்தொகை 1,000 ரூபாய். சுமார் இரண்டு லட்சம் தன்னார்வலர்களும் 33 லட்சம் அளவிலான குழந்தைகளும் இதில் இணைந்தனர். தன்னார்வலர்களில் பெரும்பாலோர் பெண்கள்.

கோயில் மண்டபத்திலும் வீட்டுத் திண்ணையிலும் நடந்த இந்த வகுப்புகளால் பயன் விளைந்ததா? நல்வாய்ப்பாக இதற்கு முறையான ஆய்வு இருக்கிறது. பொருளியலாளர்கள் அபிஜீத் சிங், மௌரிசியோ ரொமேரோ, கார்த்திக் முரளிதரன் ஆகியோர் பெருந்தொற்றுக்கு முன்பே 2019இல் தமிழ்நாட்டுக் கிராமங்களில் குழந்தைகளின் கற்றல் நிலையை அளந்திருந்தனர். அதே கிராமங்களுக்கு 2021 டிசம்பரிலும் அதன் பின்னரும் திரும்பச் சென்று, ஏறத்தாழ 19,000 குழந்தைகளைச் சோதித்தனர். மொழியைவிடக் கணிதத்தில் இழப்பு மிக அதிகமாக இருந்தது. பள்ளி திறந்து ஆறு மாதங்களுக்குள் அந்த இழப்பில் சுமார் மூன்றில் இரண்டு பங்கு மீட்கப்பட்டது. அந்த மீட்சியில் ஏறத்தாழ 24 விழுக்காடு இல்லம் தேடிக் கல்வியால் விளைந்தது என்று அவர்கள் மதிப்பிட்டனர். மீட்சி வசதி குறைந்த குடும்பங்களின் குழந்தைகளிடம் கூடுதலாக இருந்ததற்கும் இத்திட்டம் துணைநின்றிருக்கக்கூடும் என்பது அவர்களது மற்றொரு முடிவு.

இந்த எண்ணைச் சற்று நிதானமாகப் பார்க்க வேண்டும். முழு நேரப் பள்ளிகள் இயங்கிக்கொண்டிருந்தபோது, நாளொன்றுக்கு ஒன்றரை மணிநேரம் மட்டுமே நடந்த ஒரு சிறு ஏற்பாடு, மொத்த மீட்சியில் நான்கில் ஒரு பங்கை ஒட்டிய பலனைத் தந்திருக்கிறது. காரணம் விளங்காத ஒன்றன்று. நாற்பது குழந்தைகள் உள்ள வகுப்பில் ஆசிரியர் அந்த வகுப்புக்குரிய பாடத்தை நடத்தியாக வேண்டும். இருபது குழந்தைகள் உள்ள திண்ணையில் தன்னார்வலர் குழந்தை எந்த நிலையில் நிற்கிறதோ அங்கிருந்து தொடங்கலாம். ஐந்தாம் வகுப்புக் குழந்தைக்குக் கடன் வாங்கிக் கழித்தல் வரவில்லை என்றால் அதையே சொல்லிக்கொடுக்கலாம். அத்துடன் அந்தத் தன்னார்வலர் அதே தெருவில் வசிக்கும் அக்கா. குழந்தை இரண்டு நாள் வரவில்லையென்றால் வீட்டுக் கதவைத் தட்டிக் கேட்பவர்.

இத்தகைய திட்டம் முதலில் ஆறு மாதங்களுக்கு என்றே வகுக்கப்பட்டது. பின்னர் நீட்டிக்கப்பட்டது. தற்காலிகம் என்ற அந்தப் பிறப்புக்குறி அதன் நிதியிலும், தன்னார்வலர்களின் நிலையிலும், பயிற்சியிலும் பதிந்துவிட்டது. பெருந்தொற்று முடிந்ததும் காரணமும் முடிந்தது என்ற வாதம் எளிதில் எழுகிறது. ஆனால் மாலை நேரத்தில் வீட்டில் பெரியவர் இல்லாத குழந்தையும், வகுப்பில் பின்தங்கிய குழந்தையும் பெருந்தொற்றுக்கு முன்பும் இருந்தனர், இப்போதும் இருக்கின்றனர்.

செலவு எவ்வளவு?

ஒரு எளிய கணக்கைப் போட்டுப் பார்க்கலாம்.

1. இரண்டு லட்சம் தன்னார்வலர்களுக்கு மாதம் 1,000 ரூபாய் வீதம் பன்னிரண்டு மாதங்களுக்கு 240 கோடி ரூபாய் ஆகும். இருபது குழந்தைகள் உள்ள மையத்தில் ஒரு குழந்தைக்கு மாதம் 50 ரூபாய்.
2. தமிழ்நாடு அரசு 2025-26ஆம் ஆண்டு நிதிநிலை அறிக்கையில் பள்ளிக் கல்வித் துறைக்கு ஒதுக்கியது 46,767 கோடி ரூபாய். 240 கோடி என்பது அதில் அரை விழுக்காட்டளவு.
3. ஊக்கத்தொகையை 3,000 ரூபாயாக உயர்த்தினால் ஆண்டுச் செலவு 720 கோடி.
4. 33 லட்சம் குழந்தைகளுக்கு நாளொன்றுக்குப் பத்து ரூபாய் மதிப்பில் சுண்டலோ கடலை உருண்டையோ 200 நாள்கள் கொடுத்தால் 660 கோடி.
5. மூன்றாவதையும் நான்காவதையும் கூட்டினால் 1,380 கோடி ரூபாய். பள்ளிக் கல்வி ஒதுக்கீட்டில் மூன்று விழுக்காட்டுக்கும் சற்றுக் குறைவு.

பயிற்சி, நூல்கள், மேற்பார்வை ஆகியவற்றுக்கான செலவு இதற்கு மேல் வரும். அவற்றையும் சேர்த்துக்கொண்டாலும், ஆண்டுதோறும் மாநிலம் ஏற்கெனவே செலவிடும் தொகையின் பயனைப் பெருக்கும் சிறு கூடுதல் என்றே இதைக் கருத முடியும். பணம் இல்லை என்பது இந்த விவாதத்தில் வலுவான காரணம் அன்று. பணத்துக்கு நிதிநிலை அறிக்கையில் ஒரு நிலையான செலவுத் தலைப்பு இல்லை என்பதே உண்மையான இடர்ப்பாடு.

தற்காலிகத்திலிருந்து நிலைப்பேறு: நம்மிடமே உள்ள முன்மாதிரிகள்

எம்.ஜி.ஆர். அரசு 1982 ஜூலை 1 அன்று சத்துணவுத் திட்டத்தைத் தொடங்கியபோது, மாநில நிதியால் இதைத் தாங்க முடியுமா என்ற கேள்வி பெரிதாக எழுந்தது. அத்திட்டம் நின்றதற்குக் காரணம், அதற்கென மையங்களும் அமைப்பாளர் பணியிடங்களும் நிதித் தலைப்பும் உருவாக்கப்பட்டதுதான். உச்ச நீதிமன்றம் 2001 நவம்பரில் சமைத்த மதிய உணவை நாடு முழுவதும் வழங்க ஆணையிட்டது. 2013ஆம் ஆண்டின் உணவுப் பாதுகாப்புச் சட்டம் அதைக் குழந்தைகளின் சட்டபூர்வ உரிமையாக்கியது. ஒரு மாநிலம் நிலையான நிதியோடு நடத்திக் காட்டிய திட்டம் நாட்டின் சட்டமாக உயர்ந்த வழி இது.

இரண்டாவது முன்மாதிரி அதிகம் பேசப்படாதது. நூலகவியல் அறிஞர் எஸ்.ஆர். ரங்கநாதனின் முயற்சியால் 1948இல் நிறைவேறிய சென்னைப் பொது நூலகச் சட்டம், சொத்து வரியோடு சேர்த்து நூலக வரி வசூலிக்க வழிசெய்தது. ஊர்தோறும் நூலகக் கிளைகள் தோன்றியதற்கு, ஒதுக்கீட்டை மட்டும் நம்பாத அந்தத் தனி வரி முக்கியக் காரணம். கிளை நூலகங்கள் மாலை நேர மையங்களுக்கு இயல்பான இடமாகவும் அமையக்கூடியவை என்பது என் கருத்து.

பிற நாடுகளில் நிதி எப்படி வருகிறது?

அமெரிக்காவில் 'இருபத்தோராம் நூற்றாண்டுச் சமூகக் கற்றல் மையங்கள்' என்ற ஒன்றியத் திட்டம் 1994ஆம் ஆண்டுச் சட்டமொன்றில் இடம்பெற்றது. 1998இல் நான்கு கோடி டாலராக இருந்த அதன் நிதி 2002இல் நூறு கோடி டாலராக உயர்ந்தது. இன்று அது சுமார் 130 கோடி டாலர். சட்டத்தில் எழுதப்பட்ட வாய்ப்பாட்டின்படி ஒவ்வொரு மாநிலத்துக்கும் பங்கு போகிறது. மாநிலங்கள் பள்ளிகளிடமும் சமூக அமைப்புகளிடமும் விண்ணப்பம் பெற்று மூன்று முதல் ஐந்து ஆண்டுகளுக்கு நல்கை வழங்குகின்றன. பல ஆண்டு நல்கை என்பதால் மையம் ஊழியரை நம்பிக்கையோடு நியமிக்க முடிகிறது.

இத்திட்டத்தின் வரலாறு இரண்டு பாடங்களைத் தருகிறது. முதலாவது தரம் பற்றியது. 2003இல் வெளியான ஒரு பெரிய மதிப்பீடு, இம்மையங்களால் மதிப்பெண்ணில் குறிப்பிடத்தக்க முன்னேற்றம் இல்லை என்றது. அதைக் காட்டி அன்றைய புஷ் அரசு நிதியை 60 கோடி டாலராகக் குறைக்க முன்மொழிந்தது. நாடாளுமன்றம் அந்த வெட்டை ஏற்கவில்லை. 2010இல் ஜோசப் டர்லாக் உள்ளிட்டோர் பல ஆய்வுகளைத் தொகுத்துப் பார்த்தபோது, படிப்படியாக அமைந்த, குழந்தை செயலில் ஈடுபடும், குறிப்பிட்ட திறன் மீது கவனம் வைத்த மையங்களில் பலன் தெரிந்தது. வெறுமனே குழந்தைகளை உட்காரவைத்த மையங்களில் தெரியவில்லை. நிதி கேட்பவர்கள் தரத்தையும் சேர்த்தே கேட்க வேண்டும் என்பதை இது உணர்த்துகிறது.

இரண்டாவது, சட்டத்தின் வலு பற்றியது. 2025 ஜூலை 1 அன்று மாநிலங்களுக்குச் செல்ல வேண்டிய கல்வி நிதியில் அறுநூறு கோடி டாலருக்கும் மேற்பட்ட தொகையை டிரம்ப் அரசு நிறுத்திவைத்தது. இம்மையங்களுக்கான தொகையும் அதில் அடங்கியது. இருபதுக்கும் மேற்பட்ட மாநிலங்கள் வழக்குத் தொடுத்தன. ஆளுங்கட்சி உறுப்பினர்களே எதிர்ப்புத் தெரிவித்தனர். அந்த மாதத்துக்குள்ளேயே நிதி விடுவிக்கப்பட்டது. நாடாளுமன்றம் ஒதுக்கிய பணம் இது என்று சட்டத்தைக் காட்டி வழக்காட முடிந்ததால் மாநிலங்களின் கோரிக்கைக்கு உறுதியான தரை இருந்தது.

ஜெர்மனி இன்னும் ஒரு படி மேலே செல்கிறது. 2021இல் நிறைவேறிய சட்டத்தின்படி, 2026 ஆகஸ்ட் முதல் முதல் வகுப்புக் குழந்தைகளுக்கும், ஆண்டுக்கு ஒரு வகுப்பாக விரிந்து 2029-30 கல்வியாண்டில் நான்காம் வகுப்பு வரையுள்ள அனைவருக்கும், வாரத்தில் ஐந்து நாள், பள்ளி நேரம் உட்பட நாளுக்கு எட்டு மணிநேரப் பராமரிப்பு சட்ட உரிமையாகிறது.

நம் நாட்டு நிலையோடு ஒப்பிட்டால் வேறுபாடு உறைக்கும். ஒருங்கிணைந்த பள்ளிக் கல்வித் திட்டத்தின் கீழ் 2024-25இல் தமிழ்நாட்டுக்கு வர வேண்டிய 2,152 கோடி ரூபாயை, ஒன்றிய அரசின் மாதிரிப் பள்ளித் திட்டமான பி.எம்.ஸ்ரீக்கான ஒப்பந்தத்தில் மாநிலம் கையெழுத்திடவில்லை என்பதால் ஒன்றிய அரசு விடுவிக்கவில்லை. மாநிலம் உச்ச நீதிமன்றத்துக்குச் சென்றது. ஒன்றியத் திட்ட நிதியை மட்டும் நம்பி மாலை மையங்களை அமைப்பது எத்தகைய இடருக்கு உரியது என்பதை இதிலிருந்து அறியலாம்.

எதிர்வாதங்கள்

1. 'குழந்தைகளை விளையாட விடாமல் இன்னொரு பள்ளியில் அடைக்கிறோம்.' இதை நான் முழுமையாக மதிக்கிறேன். வீட்டுப்பாடம் எழுதவைக்கும் இடமாக மையம் சுருங்கினால் அது குழந்தைக்குச் செய்யும் தீங்கு. நேரத்தில் பாதியாவது விளையாட்டுக்கும் வாசிப்புக்கும் கலைக்கும் என விதியிலேயே எழுத வேண்டும்.

2. 'ஆசிரியர்களே செய்யலாம்.' கல்வி உரிமைச் சட்டம் ஆசிரியருக்கு வாரம் 45 மணிநேரம் என்று, தயாரிப்பு நேரத்தையும் உட்படுத்தி, ஏற்கெனவே வரையறுத்திருக்கிறது. அதற்கு மேல் சுமத்தினால் பகல் வகுப்பின் தரம்தான் குறையும். பாடத்தில் எங்கே குழந்தை தடுமாறுகிறது என்பதை ஆசிரியர் மையப் பொறுப்பாளருக்குத் தெரிவிக்கும் வழி இருந்தால் போதும்.

3. 'தேசியக் கல்விக் கொள்கை பின்வாசல் வழியாக நுழைகிறது.' திட்டம் தொடங்கியபோது சில இயக்கங்களும் கல்வியாளர்களும் எழுப்பிய ஐயம் இது. தன்னார்வலர்கள் படிப்படியாக ஆசிரியர்களுக்கு மாற்றாகிவிடுவார்களோ என்பதே அதன் உள்ளடக்கம். அந்த அச்சத்தைத் தீர்க்கும் வழி, மையம் பள்ளிக்கு மாற்றாகாது, ஆசிரியர் பணியிடங்களை அதைக் காட்டிக் குறைக்கக் கூடாது என்று அரசாணையில் எழுதுவது.

4. 'குறைந்த ஊதியத்தில் பெண்களின் உழைப்பைப் பெறுகிறார்கள்.' எல்லா எதிர்வாதங்களிலும் கனமானது இதுவே. அங்கன்வாடிப் பணியாளர்கள் பல பத்தாண்டுகளாக மதிப்பூதியம் என்ற சொல்லுக்குள் அடைபட்டிருந்தனர். அவர்களுக்குப் பணிக்கொடை உண்டு என்று உச்ச நீதிமன்றம் 2022இல் தீர்ப்பளிக்க வேண்டியிருந்தது. மாத 1,000 ரூபாய், தினமும் ஒன்றரை மணிநேரம் வேலை என்று கொண்டாலும், மணிக்கு 30 ரூபாயைக்கூட எட்டாது. தன்னார்வம் பெருந்தொற்றுக் காலத்தில் பெருமைக்குரியதாக இருந்தது. நிரந்தரத் தேவையை அதன் மீது ஏற்றிவைப்பது நியாயமாகாது. பகுதிநேரப் பணி என்ற தகுதியும் உரிய ஊதியமும் இல்லாமல் இத்திட்டத்தை விரிவாக்கக் கோருவதை என்னால் ஆதரிக்க இயலாது.

அரசிடம் கேட்க வேண்டியவை

ஊர்ப்பெயரோடும் குழந்தைகளின் எண்ணிக்கையோடும் வரும் கோரிக்கைக்கு அரசு பதில் சொல்லியாக வேண்டியிருக்கும். முதலாவதாக, பள்ளிக் கல்வித் துறை மானியக் கோரிக்கையில் மாலை மையங்களுக்குத் தனித் தலைப்பு வேண்டும். இரண்டாவதாக, குறைந்தது மூன்றாண்டுக்கான நிதி உறுதி அரசாணையாக வெளிவர வேண்டும். மூன்றாவதாக, பொறுப்பாளர்களுக்குப் பகுதிநேரப் பணித்தகுதி, பயிற்சி, பின்னணிச் சரிபார்ப்பு ஆகியவை வேண்டும். குழந்தைப் பாதுகாப்பு விதிகளும் 1098 உதவி எண்ணும் ஒவ்வொரு மையத்திலும் எழுதி ஒட்டப்பட வேண்டும். நான்காவதாக, சிற்றுண்டி வேண்டும். மதியம் ஒரு மணிக்குச் சத்துணவு உண்ட குழந்தை ஏழு மணி வரை வெறும் வயிற்றோடு கற்க முடியாது.

இக்கோரிக்கைகளை எழுப்பும் இடங்கள் ஏற்கெனவே உள்ளன. அரசுப் பள்ளிகளில் பெற்றோரைப் பெரும்பான்மையாகக் கொண்ட பள்ளி மேலாண்மைக் குழு இருக்கிறது. தமிழ்நாட்டில் ஜனவரி 26, மார்ச் 22, மே 1, ஆகஸ்ட் 15, அக்டோபர் 2, நவம்பர் 1 ஆகிய ஆறு நாள்களில் கிராம சபை கூடுகிறது. மாலை நான்கு முதல் ஏழு மணி வரை பெரியவர் இல்லாத வீடுகளில் உள்ள குழந்தைகள் எத்தனை பேர், அவர்கள் கூடுவதற்கு ஊரில் எந்தக் கட்டடம் இருக்கிறது, அங்கே விளக்கும் கழிப்பறையும் உள்ளனவா என்ற மூன்று விவரங்களைப் பள்ளி மேலாண்மைக் குழு முன்கூட்டியே திரட்டி, அவற்றைத் தீர்மானத்தின் உள்ளேயே எண்களோடு பதிவு செய்ய வேண்டும். மாநில நிதிநிலை அறிக்கை வழக்கமாகப் பிப்ரவரியிலோ மார்ச்சிலோ தாக்கலாவதால், அக்டோபர் 2 அல்லது நவம்பர் 1 கிராம சபையில் நிறைவேறும் தீர்மானமே அடுத்த ஆண்டுக்கான துறைசார் மதிப்பீடுகள் தயாராகும் காலத்தில் மாவட்ட அலுவலகத்தைச் சென்றடையும்.